ஜகன்மோகினியின் ஆசிரியை

வண்டலூரிலிருந்து படப்பை வழியாக வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையோரத்தில், ஒரகடத்துத் தொழிற்சாலைகளின் காலை ஷிப்டுக்காகக் கம்பெனி பஸ்ஸை எதிர்நோக்கி நிற்கும் யுவதிகளுள் எத்தனை பேர், காஞ்சிபுரத்தை அடுத்த நீர்வளூரின் பெயரைத் தாங்கிய ஒரு குடும்பத்தில் 1901-ஆம் ஆண்டு பிறந்து, தம் பேனாவைக் கொண்டே ஒரு பத்திரிகையை நடத்திக்காட்டிய வை.மு. கோதைநாயகி அம்மாளைக் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று எண்ணுந்தோறும் மனம் வருந்துகிறது.

அன்னையை மழலைப் பருவத்திலேயே இழந்து, ஐந்தரை வயதில் பார்த்தசாரதி என்பவருக்கு விவாகம் செய்விக்கப்பட்டு, பள்ளிக்கூடத்தின் வாசற்படியை மிதிக்காமலே புக்ககம் புகுந்தவர் அவர். கணவர் அழைத்துச் சென்ற நாடகங்களைக் கண்டு கண்டு அவர் உள்ளத்தில் கதைகள் ஊறின. எழுதத்தான் கை வரவில்லை. ஆகவே அவர் வாயால் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்னும் தோழி அருகிலிருந்து எழுதிக்கொண்டே வர, 'இந்திர மோகனா' என்ற நாடகம் உருப்பெற்று 1924-ல் வெளிவந்தது. அந்தப் பட்டம்மாளின் கை இல்லையேல் தமிழுக்கு அந்த நாடகம் இல்லை. எனினும் சரித்திரம் அவளைப் பற்றிப் பெயருக்கு மேல் அதிகம் பாதுகாத்து வைக்கவில்லை. கோதைநாயகியைத் தேடப் புறப்படுகிறவன் பட்டம்மாளையும் சேர்த்தே தேட வேண்டியவனாகிறான்.

நாடகம் வெளிவந்ததற்கு அடுத்த ஆண்டிலேயே 'ஜகன்மோகினி' என்னும் பத்திரிகையின் ஆசிரியைப் பொறுப்பை ஏற்ற அம்மையார், ஏறக்குறைய முப்பத்தைந்து வருஷ காலம் அதைத் தாங்கி நின்று, நூற்றுப்பதினைந்து நாவல்களை எழுதி, காந்தியடிகளைச் சந்தித்தபின் பட்டையும் நகையையும் துறந்து கதர் உடுத்தி, 1932-ல் சிறை புகுந்து, அங்கும் எழுத்தை விடாமல் தொடர்ந்தார். 1960-ல் அவர் காலமான பிறகு, அவருடைய 'தயாநிதி' என்னும் நாவலே 1966-ல் 'சித்தி' என்ற திரைப்படமாயிற்று. அதில் நடித்த பத்மினியை நினைவு வைத்திருப்பவர்கள் அநேகர், மூலக்கதையை எழுதியவரை நினைவு வைத்திருப்பவர்கள் சொற்பம்.

இவ்வளவு பிரசித்தி பெற்றவர் எவ்வாறு நினைவிலிருந்து மறைந்தார்? அவருடைய நாவல்கள் வெகுஜன ரசனைக்கு எழுதப்பட்டவை, கலை நுட்பம் குறைந்தவை என்று விமர்சகர்கள் ஒதுக்கியதே முக்கிய காரணம் என்பது என் துணிபு. நாவல்களைப் பற்றிய அந்தத் தீர்ப்பில் நியாயமும் உண்டு. தற்செயல்களின் மேல் கட்டப்பட்ட கதைகளும், அத்தியாயந்தோறும் நீளும் உபதேசங்களும் அவற்றில் உள்ளன. ஆனால் நாவலாசிரியையை எடைபோட்ட தராசிலேயே பத்திராதிபரையும் வைத்துத் தள்ளிவிட்டதை நியாயமென்று நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். பெண்கள் படிப்பதே வீண் என்று பேசப்பட்ட வீடுகளின் உள்ளறைகளுக்குள், மாதந்தோறும் ஒரு பெண் எழுதிய அச்செழுத்தைக் கொண்டு சேர்த்த காரியம் கலை விமர்சனத்தின் எல்லைக்கு உட்பட்டதன்று. அது சமூக சரித்திரம்.

அந்தச் சரித்திரத்துக்குச் சான்றாக உங்கள் பாட்டியின் டிரங்குப் பெட்டியில், தைத்து பைண்டு செய்த ஜகன்மோகினி இதழ்கள் கிடைக்குமானால், அவற்றைப் பழைய பேப்பர்க் கடைக்கு எடை போட்டுவிடாமல், சென்னைத் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்துக்குத் தெரிவியுங்கள். கதைப் பக்கங்களோடு விளம்பரங்களையும், வாசகியர் கடிதங்கள் இருப்பின் அவற்றையும், ஓரத்தில் எவரேனும் பென்சிலால் குறித்தவற்றையும் அப்படியே விட்டுவையுங்கள்.