பித்தாவும் பிதாவும்

திருவெண்ணெய்நல்லூர்க் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், பேச்சு எப்படியும் ‘பித்தா’வில் வந்து நிற்கும். சுந்தரர் முதன்முதலாகப் பாடிய பதிகத்தின் முதல் சொல் அது. அது பிறந்த இடம் இந்த ஊர். போன முறை பக்கத்தில் இருந்த பெரியவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “சாமியைப் போய் யாராவது பைத்தியம்னு கூப்பிடுவாங்களா தம்பி? அது பிதா. அப்பான்னு அர்த்தம். பாடுறப்ப ஒரு ‘த்’ கூட விழுந்துடுச்சு, அவ்வளவுதான்.”

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. டீ ஆறட்டும், நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பித்தன் என்ற சொல்லைப் பிரித்தால் உள்ளே இருப்பது பித்தம். வடமொழியிலிருந்து வந்த சொல். வாதம், பித்தம், கபம் என்று நாட்டு வைத்தியர் நாடி பிடித்துச் சொல்லும் மூன்றில் நடுவில் உள்ளது. காலையில் வாய் கசந்தால் நம் வீட்டில் இஞ்சிச் சாறு கொடுப்பார்களே, அந்தப் பித்தம்தான். அது அளவுக்கு மிஞ்சித் தலைக்கேறினால் புத்தி கலங்கும் என்று பழைய வைத்தியம் நம்பியது. அப்படிக் கலங்கியவன் பித்தன். கிரேக்கர்களும் இதே கணக்குத்தான் போட்டார்கள். ‘மெலன்கலி’ என்று ஆங்கிலத்தில் மனச்சோர்வைச் சொல்கிறார்களே, அந்தச் சொல்லுக்குக் கிரேக்கத்தில் கரும்பித்தம் என்று பொருள்.

பிதா வேறு வீட்டுப் பிள்ளை. அதுவும் வடமொழிதான்; ஆனால் பித்தத்தோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை. பிதாவின் சொந்தக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைக் கடைசியில் பார்க்கலாம். அது கொஞ்சம் வேடிக்கையான இடம்.

நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம் ஒன்று உண்டு. இரண்டு சொற்கள் காதுக்கு ஒன்றுபோல் கேட்டால், இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்று உடனே முடிவு கட்டிவிடுவோம். நான் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன். கல்யாணப் பந்தியில் இரண்டு முருகன்கள் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தால், பங்காளிகள் என்றா எடுத்துக்கொள்கிறோம்? சொல் என்று வந்தால் மட்டும் அந்த ஜாக்கிரதை போய்விடுகிறது.

இதே ஓசையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் ஊர் சுற்றலாம். தெலுங்கில் ‘பிட்ட’ என்றால் சிறு பறவை. நம் ஊர்ப் பக்கம் குளிர்காலத்தில் வந்துபோகும் ஆறுமணிக்குருவியின் பறவையியல் பெயரும் பிட்டாதான். 1816-ல் வியேயோ என்ற பிரெஞ்சுக்காரர் அந்தத் தெலுங்குச் சொல்லையே எடுத்துப் பறவைக்கு வைத்துவிட்டார். கிரேக்கத்தில் ‘பிட்டா’ தட்டையான ரொட்டி. மலேசியாவில் உள்ள நம் உறவினரைக் கேட்டால், ‘பித்தா’ என்பது ரிப்பன் என்பார்கள். அது போர்த்துகீசியரின் ‘ஃபித்தா’. மலாய் நாக்குக்கு ஃப வராததால் ப ஆயிற்று, நாம் காஃபியைக் காப்பி ஆக்கிய மாதிரி. பித்தம், குருவி, ரொட்டி, ரிப்பன். கிட்டத்தட்ட ஒரே ஓசைதான். ஒன்றுக்கு இன்னொன்றைத் தெரியாது. மனிதன் வாயில் எழும் ஒலிகள் கொஞ்சம், சொல்ல வேண்டிய பொருள்களோ கணக்கில்லாதவை. சின்னச் சொற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளத்தான் செய்யும்.

அப்படியானால் நிஜமான உறவை எப்படிக் கண்டுபிடிப்பது? பெங்களூருக்கு வேலைக்குப் போன விழுப்புரத்துப் பிள்ளைகளுக்கு இது முதல் வாரமே பிடிபட்டுவிடும். நம் பால் அங்கே ஹாலு. பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து. ஒரு சொல்லில் மட்டும் இப்படி இருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். வரிசையாக, நம் சொல்லில் ப முதலில் நிற்கும் இடத்திலெல்லாம் அங்கே ஹ வந்து நிற்கிறது. ஓசை விலகியிருக்கிறது, ஆனால் ஒழுங்காக விலகியிருக்கிறது. உறவுக்குச் சாட்சி அந்த ஒழுங்குதான்.

இப்போது பிதாவின் சொந்தக்காரர்களுக்கு வருவோம். லத்தீனில் பாட்டர், பாரசீகத்தில் பெதர், ஆங்கிலத்தில் ஃபாதர். பிதாவும் ஃபாதரும் ஒரே ரத்தம் என்று காது ஒப்புக்கொள்ளாது. ஆனால் பாதம் அங்கே ஃபூட், பஞ்ச என்பது ஃபைவ். இங்கே ப, அங்கே ஃப. தேவதைக் கதைகளைத் தொகுத்த சகோதரர்களில் ஒருவரான யாக்கோப் கிரிம், 1822-ல் இந்த ஒழுங்கை எடுத்து அடுக்கிக் காட்டினார். ஆக, பக்கத்தில் ஒட்டி நிற்கிற பித்தா பிதாவுக்கு அந்நியம். கடல் தாண்டி இருக்கிற ஃபாதர் பங்காளி.

இந்த ஊரில் நடந்த வழக்கிலும் இதே முறைதான் என்பது எனக்குப் பிடித்த விஷயம். சேக்கிழார் சொல்கிற கதையில், சுந்தரரின் கல்யாணப் பந்தலில் சிவனே ஒரு கிழவர் வேடத்தில் நுழைந்து, ‘நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது’ என்கிறார். சுந்தரர் அவரைப் பித்தன் என்று ஏசி, ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழித்தது படியோலை, மூலவோலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்று வழக்கு இங்கே வருகிறது. சபையார் அந்த ஒரு ஓலையைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. பாட்டன் கையால் எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து எடுத்துவரச் செய்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார்கள். அதன்பிறகுதான் சுந்தரர் தோற்றார் என்றார்கள்.

பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப, சாமியைப் பைத்தியம்னுதான் கூப்பிட்டாரா?” என்றார்.

“ஆமாங்க ஐயா. பாடச் சொன்னதும் ‘எப்படிப் பாடுவேன்’னு சுந்தரர் தயங்கினப்போ, ‘என்னைப் பித்தன்னு சொன்னியே, அதையே வெச்சு ஆரம்பி’ன்னு சொன்னதே சாமிதான்.”