"ஹண்ட்ரட் பர்சென்ட் பியூர்" என்னும் சொல்

சரக்கின் தரத்தைப் பற்றி வாடிக்கையாளர் கேட்டால் "ஹண்ட்ரட் பர்சென்ட் பியூர்", "ஒரிஜினல்", "நம்பர் ஒன்" என்று ஆங்கிலத்தில் அழுத்திச் சொல்வது நேரு வீதியிலும் பெரிய மார்க்கெட்டிலும் நமக்குப் பழகிவிட்டது. "அசல்", "முதல் தரம்" என்றால் யாரும் நம்பமாட்டார்களாம்!

வாய்ப்பேச்சு ஒருபுறம் இருக்கட்டும். நாமே பாக்கெட் போட்டு, அதன் மேல் இவற்றை அச்சிடும்போதுதான் சிக்கல். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகள் இச்சொற்களில் பலவற்றுக்கு நிபந்தனை வைத்துள்ளன. ஒரே பொருளாக இருந்து, வேறெதுவும் சேர்க்காமல் இருந்தால்தான் "பியூர்" எனலாம். மிளகாய்த்தூளுக்குப் பொருந்தலாம், மல்லியும் பருப்பும் வெந்தயமும் சேரும் சாம்பார் பொடிக்கு எப்படிப் பொருந்தும்? கழுவுதல், தோலுரித்தல், நறுக்குதல், குளிரூட்டல் போன்றவற்றுக்கு மேல் பக்குவம் செய்த பண்டம் "ஃபிரெஷ்" ஆகாது.

"நூறு சதவீதம்" என்று உணவுப் பொருளில் போடவே வேண்டாம் என 2025 மே மாதம் ஆணையம் அறிவுறுத்தியது. தவறான விளம்பரத்துக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். பலசரக்குக் கடை தாங்குமா?

பழைய பிளாக்கையே அச்சகத்தாரிடம் கொடுத்து மறுபடி கவர் அடிக்கச் சொல்பவர்கள், ஆர்டருக்கு முன் அதிலுள்ள வாசகத்தை ஒருமுறை படித்துப் பார்க்கவும்.