திருமேனியும் தால அளவும்

இறைவன் திருமேனி சிறிதாயினும் பெரிதாயினும் உறுப்புகளின் விகிதம் மாறலாகாது. மாறின் வழிபாட்டிற்கு ஏலாது என்பது சிற்ப நூலார் கொள்கை. சிவபெருமான், திருமால் ஆகியோருக்குரிய உத்தம தசதாலத்தில், நின்ற திருமேனியின் உயரம் உச்சி முதல் உள்ளங்கால் வரை 124 பங்கு. மகுடம் இக்கணக்கில் சேராது. ஒரு பங்கே அங்குலம் எனப்படும். அஃது அளவுகோலில் காணும் அங்குலம் அன்று. முகத்திற்கு 13½ பங்கு.

உயரம் 62 செ.மீ. எனில் ஒரு பங்கு அரை செ.மீ.; முகம் 6¾ செ.மீ. உயரம் 124 செ.மீ. ஆயின் முகமும் இரட்டித்து 13½ செ.மீ. ஆகும். அம்பிகைக்கோ மத்திம தசதாலம்: 120 பங்கு, முகம் 13.

சுவாமிமலை ஸ்தபதியரிடம் இக்கணக்கு முழுவதும் ஒரு தென்னோலையில் அடங்கிவிடும். திருமேனியின் உயரத்திற்கு ஓலையை நறுக்கி, உறுப்புகளின் பங்கிற்கேற்ப மடித்துக் குறித்துக்கொள்வர். ஒடியோலை என்னும் பெயர் எத்துணைப் பொருத்தம்! அதனைக் கொண்டே மெழுகுரு அமையும். மெழுகில் நேர்ந்த பிழை வார்ப்பிலும் நின்றுவிடும்.