ஓடிபி-யை யாருக்கும் சொல்லலை... அப்புறம் பணம் எப்படிப் போச்சு?

எளாவூரில் இருந்து கிழக்கே போனால் பழவேற்காடு ஏரிக்கரை கிராமங்கள். இறாலும் நண்டும் விற்ற காசு இப்போது போனிலேயே வந்துவிடுகிறது. கடலுக்குப் போகும் குடும்பங்களுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயும் நேராக பேங்க் அக்கவுன்ட்டுக்குத்தான். அந்த அக்கவுன்ட்டுக்குப் பூட்டு, போனில் கிடக்கும் ஒரு சிம்.

"ஓடிபி சொல்லாதீங்க" என்று வருஷக்கணக்கில் சொல்லியாச்சு. மக்களும் உஷாராகிவிட்டார்கள். அதனால் இப்போது யாரும் கேட்பதில்லை, எடுத்துக்கொள்கிறார்கள்.

எப்படி? வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே ஃபைல் வரும். அதுவும் தெரிந்தவர் நம்பரில் இருந்தே வரலாம், ஏனென்றால் அவருடைய வாட்ஸ்அப் ஏற்கெனவே பறிபோயிருக்கும். பிஎம் கிசான் திட்டத்தின் பெயரில் இப்படி ஒரு போலி ஆப் சுற்றுவதாக 2024-ல் தமிழ்நாடு சைபர் கிரைம் போலீசார் எச்சரித்தார்கள். அரசுப் பணம் எதிர்பார்க்கும் வீட்டில் அதைத் தொடாமல் இருப்பது கஷ்டம்தான்.

ஆப் முதலில் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். அதுதான் விஷயமே. அப்புறம் பெயர், ஆதார், பிறந்த தேதி. யுபிஐ பின் புதிதாகப் போட டெபிட் கார்டின் கடைசி 6 எண், காலாவதி மாதம், ஓடிபி போதும். பல பேங்க்குகளில் கார்டுக்குப் பதில் ஆதாரே போதும். ஆக, பழைய பின்னை யாரும் திருட வேண்டியதே இல்லை. புதுசாகவே போட்டுக்கொள்ளலாம்!

சென்னையில் வேலை பார்ப்பவர்கள் அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அப்பாவின் போனை ஐந்து நிமிஷம் வாங்கிப் பாருங்கள். செட்டிங்ஸில் எந்தெந்த ஆப்புக்கு எஸ்எம்எஸ் அனுமதி இருக்கிறது? வாட்ஸ்அப்புக்கும் பிரவுசருக்கும் 'தெரியாத ஆப்களை நிறுவும்' அனுமதி ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பு பின் போட்டுவிடுங்கள். பணம் வாங்க பின் போடத் தேவையே இல்லை என்பதையும் ஒருமுறை சொல்லிவிட்டு வாங்க.

பணம் போய்விட்டால்? அந்த போனின் நெட்டைத் துண்டித்துவிட்டு, வேறு போனில் இருந்து உடனே 1930-க்கு அடியுங்கள். பேங்க்கிலும் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதிப்படி, தவறு நம் பக்கமும் இல்லை, பேங்க் பக்கமும் இல்லை என்றால், தகவல் வந்து 3 வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டமில்லை. நாமே பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால், சொல்லும்வரை போனது நம் கணக்கு, சொன்ன பிறகு போவது பேங்க் கணக்கு.