உதவிக்கு முன்னால் ஒரு சொல்

அருப்புக்கோட்டை பக்கம் குல்லூர்சந்தையில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கு. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட முகாம்களில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறவர்களில் இயேசு சபையின் அகதிகள் பணி அமைப்பும் (ஜே.ஆர்.எஸ்.) உண்டு. அதன் நோக்கம் மூன்று: உடனிருத்தல், சேவை, உரிமைக்காகப் பேசுதல். சேவைக்கு முன்னாடி ஏன் உடனிருத்தல்?

தொடங்கியவர் பெத்ரோ அருப்பே. (அருப்புக்கோட்டைக்கும் பேருக்கும் சம்பந்தமில்லைங்க.) ஸ்பெயின்காரர், மருத்துவம் படித்தவர், ஜப்பானில் மிஷனரி. 1945 ஆகஸ்ட் 6, ஹிரோஷிமாவில் குண்டு விழுந்ததும் நகருக்கு வெளியே இருந்த மடத்தையே ஆஸ்பத்திரி ஆக்கினார். மருந்து கிட்டத்தட்ட இல்லை. வந்தவர்களை விட்டுப் போகவும் இல்லை.

1979இல் வியட்நாம் படகு அகதிகளின் கதி அவரை உலுக்கியது. 1980 நவம்பரில் ஜே.ஆர்.எஸ். பிறந்தது. 1981 ஆகஸ்ட் 6, அதே தேதி, பாங்காக்கில் அகதிகளோடு வேலை பார்த்தவர்களிடம் அவர் அழுத்திக் கேட்டது, ஜெபியுங்கள் என்பதுதான். மறுநாள் ரோமில் இறங்கியதும் பக்கவாதம்.

அதைப் படிச்சப்போ, பணமோ ஆளோ கேட்காம இதையா கேட்டார்னு தோணுச்சு. குல்லூர்சந்தையை வச்சு யோசிச்சாத்தான் புரியுது. 2019 குடியுரிமைத் திருத்தத்தில் இலங்கை இல்லை. 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது. முகாமிலேயே பிறந்த பலருக்குக் குடியுரிமை வரலை. அதைத் தர எந்தச் சாமியாராலும் முடியாது. சாயங்காலம் போய் உட்கார்ந்து கணக்குச் சொல்லித் தரலாம். நாளைக்கும் போகணும்.