ஒதெல்லோவின் திரை வடிவங்கள்: சொல்லும் பொருளும்

மொழிபெயர்ப்பில் இரண்டு வழிகள் உண்டென்று கி.பி. 14ஆம் நூற்றாண்டின் அறிஞர் ஸலாஹுத்தீன் அஸ்ஸஃபதீ எழுதியுள்ளார். கிரேக்க நூலின் ஒவ்வொரு சொல்லுக்கும் நேரான அரபுச் சொல்லை வைத்துச் செல்வது ஒன்று. இப்னுல் பித்ரீக் போன்றோர் கைக்கொண்ட வழி அது. வாக்கியத்தின் கருத்தை முழுமையாக உள்வாங்கி, சொற்கள் ஒத்தாலும் ஒவ்வாவிட்டாலும், அதே கருத்தை அரபியில் அமைத்துத் தருவது மற்றொன்று. ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் வழி அது. இரண்டாவதே சிறந்ததென்பது அஸ்ஸஃபதீயின் முடிவு.

மேடை நாடகமொன்று திரைப்படமாகும்போதும் இதே வினா எழுகின்றது. மூலத்தின் உரையாடலையும் காலத்தையும் இடத்தையும் அப்படியே பேணுவதா? அன்றி, அவற்றைக் களைந்துவிட்டுக் கருத்தை மட்டும் எடுத்துக்கொள்வதா? இதனை ஆராய ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ'வைவிடப் பொருத்தமான நாடகம் வேறில்லை எனலாம். வகுப்பில் இந்நாடகத்தைப் பற்றிப் பேச நேர்ந்தபோதெல்லாம் மாணவர்கள் கேட்ட முதற்கேள்வி, 'உஸ்தாத், ஒதெல்லோ முஸ்லிமா?' என்பதே. அக்கேள்விக்கான விடையும் இந்த ஒப்பீட்டினூடாகவே கிடைக்கும்.

நாடகமும் அதன் காலமும்

ஜிரால்டி சிந்தியோ என்னும் இத்தாலியர் 1565இல் வெளியிட்ட கதைத் தொகுதியில் மூர் படைத்தலைவன் ஒருவனின் கதை உள்ளது. அக்கதையில் அவனுக்குப் பெயரே இல்லை. ஷேக்ஸ்பியர் அவனுக்குப் பெயரும் பெருமையும் தந்து நாடகமாக்கினார். 1604 நவம்பர் முதல் நாள் இந்நாடகம் லண்டன் அரண்மனையில் நடிக்கப்பட்டது. அதற்கு நான்காண்டுகளுக்கு முன், 1600இல், மொராக்கோ சுல்தான் அஹ்மத் அல்மன்ஸூரின் தூதராக அப்துல் வாஹித் பின் மஸ்ஊத் என்பார் எலிசபெத் அரசியின் அவைக்கு வந்து சில மாதங்கள் தங்கியிருந்தார். அவரது ஓவியம் இன்றும் உள்ளது. நாடகாசிரியர் அவரைக் கண்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் ஊகம்.

வெனிஸ் நகரின் படைத்தலைவனான ஒதெல்லோ, டெஸ்டிமோனாவை அவள் தந்தை அறியாமல் மணக்கின்றான். உதுமானியக் கடற்படையை எதிர்க்கச் சைப்ரஸுக்கு அனுப்பப்படுகின்றான். புயலே அப்படையைச் சிதறடித்துவிடுகின்றது. அதன்பின் பகைவன் வெளியே இல்லை, வீட்டுக்குள்தான். பதவி உயர்வு கிட்டாத இயாகோ, ஒரு கைக்குட்டையைக் கொண்டு மனைவியின் கற்பில் ஐயத்தை விதைக்கின்றான். ஒதெல்லோ அவளைக் கொன்று, உண்மை வெளிப்பட்டதும் தன்னையும் மாய்த்துக்கொள்கின்றான்.

மாணவர்களின் கேள்விக்கு மூலம் தரும் விடை தெளிவானது. அவன் ஞானஸ்நானம் பெற்றவன். அடிமையாக விற்கப்பட்டு மீட்கப்பட்டவன் என்பதற்கு அப்பால் அவனது பூர்விகம் விரிவாகச் சொல்லப்படவில்லை. ஆயினும், மதம் மாறியும், வெனிஸுக்காகக் குருதி சிந்தியும், அவன் அந்நகருக்கு 'மூர்' ஆகவே இருக்கின்றான். நாடகத்தின் உயிர்நிலை இதுவே.

அரபுலகம் இவனைத் தன்னவனாக ஏற்றுக்கொண்ட வரலாறும் சுவையானது. கவிஞர் கலீல் முத்ரான் இந்நாடகத்தை மொழிபெயர்த்தபோது, கதைத்தலைவனின் பெயரை 'உதைல்' என்று 'ஃபுஐல்' வாய்பாட்டில் அமைத்தார். 1912இல் ஜார்ஜ் அப்யழ் அதனை மேடையேற்றினார். அரபியில் இன்றும் அப்பெயரே வழங்குகின்றது.

மரபுவழிப் படங்கள்

ஆர்சன் வெல்ஸ் இயக்கி நடித்த படம் 1952இல் கான் விழாவில் மொராக்கோவின் சார்பில் பங்கேற்று உயர் பரிசைப் பகிர்ந்துகொண்டது. பணமுடையால் படப்பிடிப்பு பலமுறை நின்று தொடர்ந்தது. அஸ்ஸுவைராவின் கோட்டை மதில்களே சைப்ரஸாகக் காட்டப்பட்டன. ஒருமுறை உடைகள் வந்து சேராமையால் கொலைக்காட்சி ஒன்றை நீராவிக் குளியலறையில் படமாக்கினார். உடையின்மை அங்கே குறையாகவில்லை, காட்சிக்கு அழகாயிற்று. உரையாடலில் பெரும்பகுதியை வெட்டி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அடக்கினார். எனினும் மதிலும் நிழலும் கூண்டும் வெட்டப்பட்ட சொற்களின் வேலையைச் செய்கின்றன.

ஸ்டூவர்ட் பர்ஜ் இயக்கத்தில் லாரன்ஸ் ஒலிவியர் நடித்து 1965இல் வெளிவந்த படம் இதற்கு நேர்மாறானது. மேடை நிகழ்வையே படமாக்கியதால் உரையாடல் பெரும்பாலும் முழுமையாக உள்ளது. நடிகர் நால்வர் ஆஸ்கர் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டனர். ஆனால், வெள்ளை நடிகரொருவர் உடல் முழுதும் கரிய சாயம் பூசி, கறுப்பர் எனத் தாம் எண்ணிய நடையையும் குரலையும் பாவனை செய்கின்றார். வெல்ஸும் முகத்தைக் கருமையாக்கியவரே. ஆயினும் ஒலிவியரிடம் அது கேலியின் எல்லையைத் தொடுகின்றது. இயாகோ எந்தக் கண்ணால் மூரைப் பார்த்தானோ, அந்தக் கண்ணே ஒப்பனையறையிலும் இருந்துவிட்டது. ஒரு சொல்லும் தவறவில்லை, பொருளோ நழுவிவிட்டது. 1995இல் ஒலிவர் பார்க்கர் எடுத்த படத்தில் லாரன்ஸ் ஃபிஷ்பர்ன் என்னும் கறுப்பின நடிகர் இப்பாத்திரத்தை ஏற்றார். உரையாடல் குறைந்தது, மானம் மீண்டது.

நவீனத் தழுவல்கள்

டிம் பிளேக் நெல்சனின் 'ஓ' என்னும் அமெரிக்கப் படத்தில் படைத்தலைவன் பள்ளிக்கூடக் கூடைப்பந்து வீரனாகின்றான். வெள்ளையர் நிறைந்த பள்ளியில் அவனே கறுப்பின மாணவன். 1999இல் கொலம்பைன் பள்ளியில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டினால் வெளியீடு தள்ளிப்போய், 2001இல்தான் படம் திரைக்கு வந்தது. பதின்ம வயதினரின் பொறாமை கொலையில் முடிவது வெறும் கற்பனையன்று என்பதற்கு அத்தாமதமே சான்று.

நம் நாட்டில் ஜெயராஜின் 'களியாட்டம்' (1997) மலையாளத்தில் தெய்யக் கலைஞர்களிடையே இக்கதையை நிறுத்தியது. விஷால் பரத்வாஜின் 'ஓம்காரா' (2006) உத்தரப் பிரதேசத்து அரசியல் அடியாட்களிடையே நிறுத்தியது. ஷேக்ஸ்பியரின் ஒரு வரியும் இவற்றில் இல்லை. ஆனால் நிறத்தின் இடத்தில் சாதி வந்தமர்கின்றது. ஓம்காரா பாதிப் பிராமணன் என்று இகழப்படுபவன். தலைவனுக்கு வேண்டியவன், ஆனால் மருமகனாக வேண்டாதவன். நீதிமன்றத்தில் வழக்குரைத்து விளக்க வேண்டியதை இந்தியப் பார்வையாளன் ஒரு சொல்லில் உணர்ந்துகொள்கின்றான். கைக்குட்டை இங்கே தலைமுறைச் சொத்தான ஒட்டியாணமாகின்றது. மூலத்தில் இயாகோ தன் மனைவி எமிலியாவைக் கொன்றுவிட்டு உயிருடன் எஞ்சுகின்றான். இங்கோ, அறியாது உடந்தையான மனைவியே அவனைக் கொல்கின்றாள். இது மூலத்திற்கு முரணே. எனினும் எமிலியாவின் இறுதிச் சீற்றத்தின் பொருளை இம்முடிவு கைவிடவில்லை.

இழந்ததும் பெற்றதும்

அப்படியாயின் நவீனத் தழுவலே மேலானது என்று முடித்துவிடலாமா? இயலாது. மரணத் தறுவாயில் ஒதெல்லோ, அலெப்போவில் வெனிஸ்காரனை அடித்த துருக்கியனைத் தான் குத்தியதை நினைவுகூர்ந்து, அவ்வாறே தன்னைக் குத்திக்கொள்கின்றான். வெனிஸின் காவலனும் வெனிஸின் பகைவனும் அவ்வொரு கணத்தில் ஓருடலாகின்றனர். தன் பிறப்பின் ஒரு பகுதியைப் பகையென்று வெறுக்கக் கற்பிக்கப்பட்ட மனிதனின் துயரம் அது. கூடைப்பந்து அரங்கிலும் உத்தரப் பிரதேசத்துக் கிராமத்திலும் அலெப்போவுக்கு இடமில்லை. துருக்கியனும் மூரும் மறைந்தபோது, கிழக்கும் மேற்கும் ஒருவனுள்ளே மோதிய வரலாறும் மறைந்துவிடுகின்றது. அதனைக் காண மூலச் சொற்களிடமே திரும்ப வேண்டும்.

ஆகவே, சொல்லைப் பேணும் படம் ஆவணமாகின்றது, பொருளைப் பேணும் படம் வாழ்வாகின்றது. ஒன்றைக் கண்டவர் மற்றதையும் காண்பது நலம். அன்றைய வெனிஸ் எவரை 'மூர்' என்று ஒதுக்கியது என்பதை முன்னது கூறும். இன்று நாம் எவரை அவ்வாறு ஒதுக்குகின்றோம் என்பதைப் பின்னது கேட்கும்.