சிமெண்டு தரும் மண்ணும் மோட்டார் மாளிகைகளும்

அரியலூர், பெரம்பலூர் ஜில்லாக்களில் பூமிக்கடியில் கிடப்பது, சுமார் 10 கோடி வருஷங்களுக்கு முன் அங்கே அலைவீசிய சமுத்திரத்தின் எச்சமாகும். சாத்தனூரில் 1940-ல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த, 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் அதற்குச் சாக்ஷி. அச்சமுத்திரத்தின் சிப்பியும் சங்கும் சுண்ணாம்புக்கல்லாயின. அக்கல்லே களிமண்ணுடன் கூடிச் சுமார் 1,450 டிகிரி உஷ்ணத்தில் வெந்து, பின் பொடியாகிச் சிமெண்டாகிறது. ஒரு டன் சிமெண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் கல் வேண்டும். அரியலூரில் 1979-ல் ராஜாங்க ஆலை ஏற்பட்டது. அதன்பின் தனியார் ஆலைகள் பல எழுந்தன. பள்ளங்களும் புழுதியும் லாரிகளும் இங்கே தங்க, சிமெண்டு மட்டும் வெளியூர் செல்கிறது. அது எதற்குப் பயன்படுகிறதென்று கேட்க இந்த மண்ணுக்குப் பூரண உரிமையுண்டு.

நகர சீர்திருத்தம் என்ற பெயரால் இப்பொழுது எங்கும் பேசப்படுவது மோட்டார்களை நிறுத்தும் பல அடுக்குக் கான்கிரீட் கட்டிடம். அதில் ஒரு காருக்கு, வந்து திரும்பும் வழியையும் சேர்த்து, சுமார் 300 சதுர அடி வேண்டும். நமது ராஜ்ய ஸர்க்கார் கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு வகுத்துள்ள வீடோ 360 சதுர அடி. இவ்விரண்டு கணக்குகளையும் நேயர்கள் அருகருகே வைத்துப் பார்ப்பார்களாக.

அந்நிய நாடுகளின் அனுபவம் நம்முன் இருக்கிறது. அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரத்தார், ஏழைகளும் சிறு வியாபாரிகளும் நிறைந்த ஓக் தெருப் பகுதியை இடித்து, மோட்டார் ராஜபாட்டை போட்டனர். 1963-ல் பால் ருடால்ஃப் என்னும் சிற்பி வகுத்த பிரம்மாண்டமான மோட்டார் நிலையமும் அந்நகரில் திறக்கப்பட்டது. கட்டிடம் கீர்த்தி பெற்றது. கலைந்த குடும்பங்கள் திரும்பவில்லை. இன்று அந்த ராஜபாட்டையையே படிப்படியாக அகற்றி, அறுந்த தெருக்களை இணைத்து வருகிறார்கள். இங்கிலாந்தில் கேட்ஸ்ஹெட் நகரில் 1967-ல் எழுந்த மோட்டார் நிலையத்தின் உச்சியில் அமைத்த போஜனசாலை ஒருநாளும் திறக்கப்படவில்லை. 2010-ல் கட்டிடமே இடிந்து மண்ணாயிற்று.

இத்தகைய கட்டிடமே கூடாதென்பது நமது கட்சியன்று. சென்னைத் தியாகராய நகரில் 2019-ல் பாண்டி பஜாரின் நடைபாதைகள் விஸ்தாரமாக்கப்பட்டன. பின்னர் அருகிலேயே பல அடுக்கு நிறுத்தமும் ஏற்பட்டது. தெருவை அடைத்து நின்ற வண்டிகளைக் கட்டிடத்துக்குள் அனுப்பி, விடுபட்ட இடத்தைப் பாதசாரிக்குத் தருவதானால் அச்செலவு நியாயமே. தெருவிலும் கார், மாடியிலும் கார் என்றால் அது வீண் விரயம்.

பெரம்பலூரும் அரியலூரும் ஜில்லாத் தலைநகரங்களாகி வளர்ந்து வருகின்றன. இங்கே கடைவீதிக்கு வருவோரில் பெரும்பாலோர் பஸ்ஸில் வந்து, வெயிலில் நடப்பவர்கள். இவ்வூர்களைப் புதுப்பிக்கும்போது முதற்கண் வேண்டியவை நிழலுள்ள நடைபாதை, சுத்தமான பஸ் நிலையம், சந்தைக்குத் தக்க இடம், சுண்ணாம்பு லாரிகளுக்கு ஊருக்கு வெளியே தனி வழி ஆகியவையே. மோட்டார் மாளிகை அவற்றுக்குப் பின்னரே வரட்டும். நகராட்சியாரும் ஸர்க்காரும் இந்த வரிசையை மாற்றலாகாது. உலகுக்கெல்லாம் சிமெண்டு தரும் ஊரில், நடந்து செல்பவனுக்குக் காலூன்ற ஒரு சாண் தளம் இல்லையென்ற அவச்சொல் நமக்கு வேண்டாம்.